போதும் என்று யாரிடம் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமையின் முதல் உணவுக்குப் பழைய கத்தோலிக்க இல்லங்களில் ஒரு தனி மதிப்பு இருந்தது. எண்பது வயதைக் கடந்த பெரியவர்களைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள். நள்ளிரவு தொடங்கி ஒரு வாய்த் தண்ணீரும் அருந்தாமல், இருட்டோடு எழுந்து, கோவிலூருக்கோ பி.பள்ளிப்பட்டிக்கோ நடந்து சென்று, பூசை கண்டு நன்மை வாங்கிய பிறகே அவர்கள் வாயில் உணவு படும். 1953-ஆம் ஆண்டில்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், தண்ணீர் அருந்துவது நற்கருணை நோன்பை முறிக்காது என்று விதியைத் தளர்த்தினார். 1957-இல் அந்நோன்பு மூன்று மணி நேரமாகக் குறைந்தது. 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதனை ஒரு மணி நேரமாக்கினார். நோயாளரையும் தொலைவிலிருந்து வருவோரையும் கருதிச் செய்யப்பட்ட நல்ல மாற்றங்கள் அவை. ஆயினும் பழைய முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் ஆண்டவரின் பந்தி. பின்னர் நம் வீட்டுப் பந்தி. அந்த ஒழுங்கை மறைக்கல்வி வகுப்பைவிட வயிற்றுப் பசியே நன்றாகக் கற்பித்தது.

அதே ஞாயிறு உணவைப் பற்றி 1895-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கய் பெரிங்கர் என்பவர் ஒரு வார இதழில் கட்டுரை எழுதினார். கோவிலுக்குப் போய்வந்த கையோடு கனத்த இறைச்சி விருந்தை உண்ணும் வழக்கத்தை விட்டுவிட்டு, நண்பகலை ஒட்டி, காலையுணவும் பகலுணவும் கலந்த எளிய உணவை உண்ணலாமே என்பது அவர் வேண்டுகோள். சனிக்கிழமை இரவில் களித்திருந்தவர்கள் மறுநாள் விடியலில் எழ வேண்டிய தொல்லையும் இதனால் நீங்கும் என்றார். இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒன்றாக ஒட்டி அதற்கு 'பிரஞ்ச்' என்று பெயர். அது இன்று பெங்களூரு, சென்னை போன்ற நகரங்களின் நட்சத்திர விடுதிகளில் ஞாயிறுதோறும் நண்பகலில் தொடங்கி மாலை நெருங்கும் வரை நடக்கும் பெருவிருந்தாகிவிட்டது. காலம் தாழ்த்தி உண்பது மட்டும் நிலைத்தது. எளிய உணவு என்று அவர் சொன்ன பகுதியை எல்லாரும் மறந்துவிட்டனர்.

பாப்பாரப்பட்டியில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். இங்கே 'வெளியில் சாப்பிடுவது' என்றால் பேருந்து நிற்கும் இடத்தை ஒட்டிய தேநீர்க் கடை, காலையில் இட்லி, மாலையில் பரோட்டாக் கல்லின் ஓசை, இவ்வளவே. ஆனால் மழையை நம்பியிருக்கும் இந்தத் தர்மபுரி மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடிப் பெங்களூருக்குப் பேருந்து ஏறியவர்கள் தொகை பெரிது. கட்டட வேலைக்குப் போன தலைமுறையின் பிள்ளைகளில் சிலர் இன்று அங்கே கணினி நிறுவனங்களில் இருக்கிறார்கள். சிலர் அதே நகரின் விடுதிகளில் தட்டேந்தி நிற்கிறார்கள். அந்த ஞாயிறு விருந்தின் மேசைக்கு இப்புறமும் அப்புறமும் நம் பிள்ளைகளே. ஆகவே கேள்வி நமக்கும் உரியதுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். உணவை விலைக்கு விற்பதைப் பற்றி நம் நாட்டில் ஒரு பழைய கூச்சம் உண்டு. சோற்றை விற்பதா என்று முன்னோர் கேட்டனர். சத்திரங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் அந்தக் கூச்சத்தின் விளைவுகளே. வடலூரில் இராமலிங்க அடிகளார் 1867-இல் நிறுவிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. இத்தகைய மரபிலிருந்து பார்க்கும்போது, உணவு விடுதி என்பது அறத்தில் ஒரு படி தாழ்ந்த இடம் போலத் தோன்றும். மேலை நாட்டிலும் இந்த உறுத்தல் இருந்தது போலும். பாரீசு நகரில் 1765-இல் பூலான்ஜே என்னும் ஒருவர், உடலுக்குத் தெம்பூட்டும் சாறு விற்கும் கடை திறந்தார் என்றும், சுமை சுமந்து சோர்ந்தவர்களை ஆண்டவர் தம்மிடம் அழைக்கும் நற்செய்தி வாக்கைத் திரித்து, வயிற்றால் வருந்துவோர் தம்மிடம் வரலாம் என்ற பொருளில் இலத்தீனில் வாசலில் எழுதி வைத்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. 'ரெஸ்டாரண்ட்' என்ற சொல், இழந்த தெம்பை மீண்டும் தருவது என்னும் பொருளில் பிறந்தது என்பது மெய். பூலான்ஜேயின் கதைக்குச் சான்றில்லை என்று வரலாற்றாய்வாளர் கூறுகின்றனர். கதை பொய்யாயினும், கடை வைப்பவன் ஆண்டவரின் அழைப்பைக் கடன் வாங்க வேண்டியிருந்ததாக மக்கள் எண்ணினார்களே, அது கருதத்தக்கது.

பிரெஞ்சு நாட்டில் 'பிஸ்ட்ரோ' என்பது, உரிமையாளரே அடுப்படியில் நிற்க, வீட்டார் பரிமாற, அன்றன்று கிடைத்ததைச் சமைத்துப் போடும் சிறு கடை. நம் ஊர்களில் 'மெஸ்' என்கிறோமே, அதற்கு ஏறக்குறைய ஒப்பானது. பெருநகரங்களில் இப்போது அப்பெயர் தாங்கிய கடைகளில் ஒரு கோப்பைக் காப்பியின் விலைக்கு நம் ஊர் மெஸ்ஸில் இரண்டு பேர் வயிறார உண்ணலாம். பெயர் கடல் கடந்து வரும்போது எளிமை கப்பலிலேயே தங்கிவிட்டது போலும். போகட்டும்.

விலைக்கு உணவு விற்கும் கடையை நான் இகழ மாட்டேன். அதற்கு இந்த ஊரிலேயே காரணம் இருக்கிறது. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1908-இல் வ.உ.சிதம்பரனாரோடு சிறை சென்றார். 1912-இல் தொழுநோயோடு வெளியே வந்தார். தொழுநோயாளர் தொடர்வண்டியில் ஏறலாகாது என்று அன்றைய அரசு தடுத்தது. அவர் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்றார். பாப்பாரப்பட்டியில் பாரத ஆசிரமத்தை அமைத்தார். பாரத மாதாவுக்கு அவர் எழுப்ப விரும்பிய ஆலயத்துக்கு 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 சூலை 23-ஆம் நாள் சிவா இங்கேயே உயிர் நீத்தார். அவருடைய மணிமண்டபத்தைக் கடந்து செல்லும்போதெல்லாம் எனக்கு நற்செய்தியின் ஒரு வரி நினைவுக்கு வரும். பாடுகளுக்கு முன் ஆண்டவர் பெத்தானியாவில் தொழுநோயாளர் சீமோன் வீட்டில் பந்தியில் அமர்ந்திருந்தார் என்று மாற்கு எழுதுகிறார். வேறு விளக்கம் தரவில்லை. அந்த வீட்டில் உணவருந்தினார், அவ்வளவே. யாரோடு உண்ணலாம், யார் தொட்ட தட்டில் உண்ணலாம் என்பதுதான் மனிதர் ஒருவரையொருவர் விலக்கி வைக்கும் முதல் வேலி என்பதை ஆண்டவர் நன்கு அறிந்திருந்தார்.

அந்த வேலி நம் நாட்டில் உணவு விடுதிக்குள்ளும் நுழைந்தது. தொடர்வண்டி நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனியிடம், ஏனையோர்க்குத் தனியிடம் என்று இருந்தது. சுயமரியாதை இயக்கத்தின் கிளர்ச்சியால் 1941-இல் அது நீங்கிற்று. அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் நுழைய எவரையும் சாதி, மதம் காட்டித் தடுக்கலாகாது என்று பெயர் சொல்லியே விதிக்கிறது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி இறங்கி, உணவகத்தில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் எழுதி வைத்தது. ஒரு நாட்டின் சட்டம் குவளையைப் பற்றி எழுத வேண்டியிருந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சட்டம் வந்த பின்னும் தமிழகத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை நெடுங்காலம் இருந்தது. நாமும் இதில் கைகழுவிக் கொள்ள இயலாது. வடக்கன்குளத்தில் இறைமக்களைச் சாதியால் பிரித்த சுவர் ஆலயத்துக்குள்ளேயே நின்றது; 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. ஒரே அப்பத்தை உண்டவர்கள் ஒரே பலகையில் அமரக் கூசினர்.

இத்தகைய நாட்டில், பெங்களூரில் 1980-களில் பரவத் தொடங்கிய 'தர்ஷினி' என்னும் நின்றுண்ணும் கடைகளைப் பாருங்கள். காசைக் கொடுத்துச் சீட்டு வாங்கி, தட்டைத் தாமே எடுத்துவந்து, வட்ட மேசையைச் சுற்றி நின்று உண்கிறார்கள். ஆட்டோ ஓட்டுநரின் தோளை அலுவலகத்து மேலாளரின் தோள் இடிக்கிறது. யார் எந்தச் சாதி என்று கேட்பாரில்லை. பல ஊர்களில் மறையுரை செய்ய முடியாததை அந்த இட்லித் தட்டு செய்தது. காசு அந்தக் கதவைத் திறந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காசே இன்னொரு கதவு என்பதையும் மறக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் என்று விலை எழுதிய வாசலில் சாதியைக் கேட்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

இனி அந்த வாசலுக்குள் செல்வோம். பெங்களூரில் உறவினர் வீட்டுப் பிள்ளை முதல் நன்மை வாங்கிய ஞாயிறன்று, திருப்பலிக்குப் பின் விருந்து ஒரு விடுதியில் ஏற்பாடாகியிருந்தது. ஊரிலிருந்து பிள்ளையின் கொள்ளுப்பாட்டியையும் அழைத்து வந்திருந்தார்கள். நீண்ட கூடம், வரிசை வரிசையாக மூடியிட்ட பாத்திரங்கள், கண்முன்னே தோசை வார்ப்பவர் ஒருபுறம், மீன் பொரிப்பவர் ஒருபுறம், இனிப்புகளுக்கென்றே ஒரு தனி மேசை. சிறுதானியங்களுக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். கட்டை விரல் அளவுக் கிண்ணத்தில், மேலே ஒரு கீரை இலையைச் செருகி, கேழ்வரகுக் களி வைத்திருந்தது. நம் வீடுகளில் அரிசி வாங்க இயலாதவர்களின் உணவாக இருந்தது, ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின் அங்கே அலங்காரமாக வந்து அமர்ந்திருந்தது.

அந்த அம்மையார் மேசையில் போய் அமர்ந்தவர் அமர்ந்தபடியே இருந்தார். இலை வரும், பரிமாறுவார்கள் என்று காத்திருந்தார்.

"ஆயா, இங்க நாமளேதான் போய் எடுத்துக்கணும்" என்றான் பேரன்.

"நாமளேவா? அப்ப போடறவங்க யாரு?"

"யாரும் போட மாட்டாங்க ஆயா. உனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு எடுத்துக்கலாம்."

அவருக்கு அது விளங்கவில்லை. பேரனே தட்டில் கொஞ்சம் எடுத்துவந்து கொடுத்தான். உண்டு முடிக்கும் நேரத்தில், வெறுந்தட்டை எடுத்துப் போகச் சீருடை அணிந்த இளைஞர் ஒருவர் வந்து கை நீட்டினார். இன்னும் போட வந்திருக்கிறார் என்று எண்ணிய அம்மையார், தட்டின் மேல் இரு கைகளையும் விரித்து மறைத்து, "போதும் சாமி, போதும்" என்றார். அந்த இளைஞரும் பென்னாகரம் பக்கத்தவர் என்பது அவர் தமிழில் பதில் சொன்னபோதுதான் தெரிந்தது. "சரிங்க ஆயா" என்று சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டுப் பின்னர் தட்டை எடுத்தார்.

இலையின் மேல் கை விரிப்பது நம் பந்தியின் மொழி. பரிமாறுகிறவர் 'இன்னும் கொஞ்சம்' என்பார்; உண்பவர் 'போதும்' என்பார்; அவர் மறுபடி வற்புறுத்துவார்; இவர் கையால் இலையை மறைப்பார். இந்தச் சிறு போராட்டத்தில் இரண்டு அன்புகள் இருக்கின்றன. கொடுப்பவருக்குக் கொடுத்து முடியவில்லை. பெறுபவருக்கு அவருடைய பாத்திரத்தில் பின்வரிசைக்கும் மீதமிருக்க வேண்டும் என்ற கவலை. அளவு என்பது அங்கே இரண்டு பேருக்கு நடுவில் தீர்மானமாகிறது. பஃபேயில் அந்த இரண்டாமவர் இல்லை. அள்ளும் கையும் உண்ணும் வாயும் ஒருவருடையவையே. போதும் என்று சொல்வதற்கு எதிரில் முகம் இல்லாத இடத்தில், அந்தச் சொல்லே எழாமல் போகிறது. பஃபேயைப் பற்றிய அறக்கேள்வி இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். பெருந்தீனி என்பது அதற்குப் பின்னால் வருவது.

அளவைத் தீர்மானிக்க ஆள் இல்லாதபோது, அந்த இடத்தில் விலை வந்து அமர்கிறது. 'கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டாமா?' என்பது விடுதிகளில் தமிழர் பேசும் பொது மொழி. இதனைச் சற்று நெருங்கி ஆராய்வோம். ஒரு சாதாரணக் கடையில் நான் தோசை கேட்கிறேன். அந்தத் தோசை என்னுடையது. பாதியை உண்டுவிட்டு மீதியைப் பொட்டலம் கட்டித் தரச் சொன்னால் கட்டித் தருவார்கள். பஃபேக்குப் பணம் கட்டியவர், தம் தட்டில் எஞ்சிய மீன் துண்டைப் பொட்டலம் கட்டச் சொல்லட்டும், பணிவாக மறுத்துவிடுவார்கள். ஏன் மறுக்கிறார்கள்? அவர் வாங்கியது மீனை அன்று. தம் பசியும் விருப்பமும் ஏற்கும் அளவுக்கு அங்கே அமர்ந்து உண்ணும் உரிமையையே வாங்கினார். உண்ட மீன் அவருடையது. உண்ணாமல் தட்டில் விட்ட மீன் அவருக்கு விற்கப்படவே இல்லை. விற்கப்படாத பொருளை எடுத்துப் பாழாக்கிவிட்டு, 'நான் காசு கொடுத்தேன்' என்பது வணிக நியாயத்திற்கே பொருந்தாது. கிறிஸ்தவ நியாயத்துக்கு அப்புறம் வருவோம்.

வீணாவதையும் கணக்கிட்டுத்தானே விடுதிக்காரர் விலை வைக்கிறார் என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். அப்படியானால் என் தட்டில் வீணானதற்கு, அளவோடு உண்ட அடுத்த மேசைக்காரரும் சேர்ந்தே பணம் கட்டுகிறார் என்று ஆகிறது. எப்படியும் மாலையில் கொட்டத்தானே போகிறார்கள் என்பது மற்றொரு வாதம். பாத்திரத்தில் இருக்கும் உணவுக்கும் தட்டில் இருக்கும் உணவுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வாதம் காணவில்லை. பாத்திரத்தில் மிஞ்சியதைப் பணியாளர் உண்ணலாம், பசித்தவருக்கு அனுப்பலாம். என் தட்டுக்கு வந்துவிட்டால் அது எச்சில். நம் மொழி அதற்கென்று ஒரு சொல்லை வைத்திருக்கிறது. எச்சிலான உணவை எந்த ஏழைக்கும் கொடுக்க நமக்கு முகமில்லை.

விடுதிகளை மட்டும் குற்றம் சொல்வதும் தவறு. 2022-ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன் என்றும், அதில் நூற்றுக்கு 60 பங்கு வீடுகளில், 28 பங்கு உணவகம் போன்ற இடங்களில், 12 பங்கு கடைகளில் வீணானது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2024-இல் கணக்குத் தந்தது. உணவை எறிவது ஏழையின் மேசையிலிருந்து திருடுவதற்கு ஒப்பாகும் என்ற கருத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் நினைவூட்டினார். அது புதிய கருத்தும் அன்று. பொருளை உடைமையாக வைத்துக்கொள்ள மனிதனுக்கு உரிமை உண்டு; ஆனால் அதன் பயன்பாட்டில் அதைப் பொதுவானதாகவே கருத வேண்டும், மிகையாக இருப்பது ஏழைக்கு உரியது என்று புனித அக்குவினா தோமையார் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதினார்.

இந்த இடத்தில் தட்டை மலைபோல நிறைப்பவர்களை எள்ளி நகையாடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருடப் பஞ்சம், அன்றைய சேலம் மாவட்டத்தைக் கொடுமையாகத் தாக்கியது. இந்தத் தர்மபுரிப் பகுதி 1965 வரை அம்மாவட்டத்தில்தான் இருந்தது. பசியின் நினைவு பிள்ளைகளுக்குக் கதையாகவும் கையின் பழக்கமாகவும் இறங்கி வருகிறது. கிடைக்கும்போது உண்டுகொள் என்று கற்ற கை, முதன்முறை பஃபேயைக் காணும்போது நிறைத்துக்கொள்ளத்தான் செய்யும். மறுபடியும் வந்து எடுக்கலாம் என்பதை அது நம்புவதில்லை. அந்தக் கைக்கு உரியது நம் பரிவு. இருபது வகையிலும் ஒரு கரண்டி எடுத்து, ஒவ்வொன்றையும் நுனி நாவால் தொட்டு, இதில் உப்பு குறைவு, அது வெந்தது போதாது என்று ஒதுக்கிவைக்கும் வயிறு நிறைந்தவர்களைப் பற்றியே எனக்குக் கவலை. தலையான பாவங்கள் ஏழினுள் போசனப்பிரியத்தை விளக்கும் தோமையார், புனித பெரிய கிரகோரியாரைப் பின்பற்றி, அது ஐந்து வழிகளில் நேரும் என்கிறார்: உரிய காலத்துக்கு முன் உண்பது, விலையுயர்ந்ததையே நாடுவது, அளவு மீறுவது, வெறியோடு உண்பது, பக்குவத்தில் மட்டுமீறிய நுணுக்கம் பார்ப்பது. இவற்றுள் அளவு மீறுவதை மட்டுமே நாம் பாவமாக எண்ணுகிறோம். ஒல்லியான உடம்போடு, சிறு தட்டில் சிறு துண்டு உணவோடு, 'பிஸ்ட்ரோ'வில் அமர்ந்தபடியே ஒருவர் ஐந்தாம் வகைப் போசனப்பிரியராக இருக்க முடியும்.

ஆயினும் விருந்தே ஆகாது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. கானாவூரில் ஆண்டவர் இரசமாக்கிய தண்ணீர் ஆறு கற்சாடிகளில் இருந்தது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 முதல் 120 லிட்டர் கொள்ளும். ஏற்கெனவே குடித்திருந்த கலியாண வீட்டுக்கு அது கொஞ்சமன்று. அவரைப் போசனப்பிரியர் என்றே பகைவர்கள் பழித்தார்கள். ஆண்டு முழுதும் கல் சுமந்தவர் பிள்ளையின் முதல் நன்மைக்கு ஒரு நாள் விடுதியில் குடும்பத்தோடு உண்டு மகிழ்ந்தால், அந்த மகிழ்ச்சியில் கானாவின் மணம் இல்லையென்று யார் சொல்வது?

விவிலியத்தில் தாமே எடுத்துக்கொள்ளும் உணவு ஒன்று உண்டு. பாலைநிலத்தில் விழுந்த மன்னா. பரிமாறுவார் இல்லை, விலை இல்லை, தரையெங்கும் கிடந்தது. ஆண்டவர் அதற்கு ஒரு விதியை வைத்தார்: கூடாரத்தில் உள்ளவர்களின் எண்ணிக்கைப்படி, ஆளுக்கு ஓர் ஓமேர். மிகுதியாகச் சேர்த்தவருக்கு மிஞ்சவில்லை. குறைவாகச் சேர்த்தவருக்குக் குறையவில்லை. மறுநாளுக்கென்று ஒளித்து வைத்தது புழுத்து நாறிற்று. அள்ளும்போதே கூடாரத்தில் இருப்பவர்களின் தலைகளை எண்ண வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். பரிமாறுகிறவர் இல்லாத இடத்தில் அந்த எண்ணிக்கையே அளவாக நின்றது.

நம் கத்தோலிக்க விவிலியத்தில் இடம்பெறும் சீராக்கின் ஞானநூல் இதை இன்னும் வீட்டுப் பாங்காகச் சொல்கிறது. பெரிய விருந்தில் அமர்ந்தவனுக்கு 31-ஆம் அதிகாரம் புத்தி சொல்கிறது: வாயைப் பிளந்து வியக்காதே, கண்டதையெல்லாம் எட்டிப் பிடிக்காதே, பொதுத் தட்டில் அடுத்தவரை நெருக்காதே, அவருடைய மனத்தை உன் மனத்தைக் கொண்டு அறிந்துகொள், முதலில் உண்டு நிறுத்துகிறவன் நீயாக இரு. அக்காலத்தில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் கையிட்டு உண்டார்கள். ஆகவே அதுவும் ஒருவகைப் பஃபேயே. உடல்நலத்தைப் பற்றியும் அப்பகுதி பேசுகிறது. அளவாக உண்டவனுக்கு நல்ல உறக்கம் வரும் என்கிறது. ஆனால் முதலில் அது சுட்டுவது அருகில் அமர்ந்தவனை.

கொரிந்து நகரத்தில் அடிகளார் பவுல் கண்ட குறையும் இதுவே. ஆண்டவரின் விருந்துக்குக் கூடியவர்கள் ஒவ்வொருவரும் தம் உணவை முந்திக்கொண்டு உண்டனர். ஒருவர் பசியோடிருக்க, இன்னொருவர் குடித்து மயங்கினார். வசதியுள்ளோர் நேரத்தோடு வந்து உண்டிருப்பார்கள், வேலை முடிந்து வந்த கூலியாட்களும் அடிமைகளும் காலி மேசையைக் கண்டிருப்பார்கள் என்று விவிலிய அறிஞர் சிலர் விளக்குகின்றனர். பவுல் உணவின் அளவைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கச் சொன்னார்.

அந்தக் காலி மேசைக்காரர்கள் இன்று யார்? மீண்டும் ஞாயிற்றுக்கே வர வேண்டியிருக்கிறது. நண்பகல் விருந்துக்கு அடுப்புகள் விடியலிலேயே எரிந்தாக வேண்டும். விருந்தினர் போன பின் கூடத்தைத் துடைத்து, இரவு உணவுக்கு ஆயத்தம் செய்ய வேண்டும். வாரத்தில் எல்லாருக்கும் ஓய்வான நாள் விடுதிப் பணியாளருக்குத் தலைமேல் வேலையுள்ள நாள். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, 2187-ஆம் பத்தியில் உணவு விடுதியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. விளையாட்டு, உணவகம் போன்றவற்றால் சிலர் ஞாயிறன்றும் வேலை செய்ய நேர்கிறது என்பதை அது ஏற்கிறது. ஆனால் ஆண்டவரின் நாளைப் பிறர் அனுசரிக்கத் தடையாகும்படி தேவையற்ற வேலைகளை அவர்கள்மேல் சுமத்தலாகாது என்று ஒவ்வொரு கிறிஸ்தவருக்கும் சொல்கிறது. திருப்பலி முடிந்த கையோடு நாம் விடுதிக்குப் போகும்போது, நமக்குத் தட்டு எடுக்கும் பிள்ளை அன்று எந்தப் பூசைக்குப் போனான் என்ற கேள்வியை நம்மோடு கொண்டு போக வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் கடனை நிறைவேற்றும் என்று திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. சனி மாலையும் அவனுக்கு வேலைதான். கிறிஸ்தவன் அல்லாதவனாக இருந்தாலும் அவனுக்கும் ஒரு தாய் ஊரில் காத்திருப்பாள். வாரத்தின் ஒரு நாளை மனைவி மக்களோடு கழிக்கும் ஆசை அவனுக்கும் உண்டு. இந்த விருந்தை ஞாயிறு நண்பகலில்தான் வைக்க வேண்டுமா, சனிக்கிழமை வைத்தால் முதல் நன்மையின் அருள் குறைந்துவிடுமா என்று குடும்பங்கள் கலந்து பேசலாம். பேசி, ஞாயிறுதான் என்று முடிவு செய்தாலும், பரிமாறியவரின் பெயரைக் கேட்டு நன்றி சொல்லிவிட்டு எழுவதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

இன்னொன்றும் இருக்கிறது. திருவிழா அன்பு விருந்துகளிலும் இப்போது பஃபே வந்துவிட்டது. பரிமாற ஆள் இல்லை என்பதே எல்லாரும் சொல்லும் காரணம். இருபது வயதில் வாளி தூக்கிக்கொண்டு பந்தி பந்தியாக ஓட வேண்டிய பிள்ளைகள் பெங்களூரில் யாருக்கோ தட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கிறிஸ்து பிறப்புக்கும் புத்தாண்டுக்கும் அவர்களுக்கு விடுப்புக் கிடைப்பது அரிது. விடுதிகளில் கூட்டம் மிகுந்த நாட்கள் அவை. பெரும்பாலும் பொங்கலை ஒட்டித்தான் ஊர் வருகிறார்கள். தன் பணியாளரைப் பந்தியில் அமர்த்தி, தானே இடுப்பில் கச்சை கட்டிக்கொண்டு பரிமாறும் தலைவர் ஒருவரைப் பற்றி லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். தை மாதத்தில் ஒரு ஞாயிறன்று, பூசைக்குப் பின், விடுதிகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கென்று பங்கில் ஒரு பந்தி போடலாம். பெரிய செலவு ஆகாது: ஐம்பது வாழை இலை, களியும் கீரைக் கடைசலும், கொஞ்சம் கோழிக் குழம்பு, சோறு. அந்தோணியார் சபையினரும் மாதா சபைத் தாய்மாரும் வாளிகளை எடுத்துக்கொள்ளட்டும். வேண்டுமா என்று கேட்டு, அவர்கள் கையை விரித்து இலையை மறைக்கும் வரை போடட்டும்.